தாவரத்தைச் செரிப்பது யார்? அசுவினி, புற்றுக் கறையான் குறித்த விடைகளின் வரலாறு

தாவரங்களைத் தின்று வாழும் பூச்சிகள் தாம் தின்றதைத் தாமே செரித்துக்கொள்கின்றனவா, அல்லது அவற்றின் உடலிலும் உறைவிடத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றனவா என்ற கேள்விக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. நிலமெங்கும் பச்சை விரிந்திருக்கும்போது உணவைப் பற்றிக் கேள்வி எழுப்புவது தேவையற்றதாகத் தோன்றலாம். ஆயினும் 1970-களில் பூச்சியியலர் சவுத்வுட் சுட்டிக்காட்டியபடி, ஏறத்தாழ 30 பூச்சி வரிசைகளில் ஒன்பது மட்டுமே உயிருள்ள உயர்தாவரங்களை உண்டு வாழும் திறனைப் பெரிய அளவில் பெற்றுள்ளன. மற்றவை ஊனுண்ணிகளாகவோ மட்குண்ணிகளாகவோ ஒட்டுண்ணிகளாகவோ நின்றுவிட்டன. தாவரம் எளிதில் கிடைக்கும் உணவு என்றாலும் எளிதில் உடலாக மாறும் உணவு அன்று என்பதே இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இக்கட்டுரை அந்த நீண்ட விவாதத்தை இரண்டு பூச்சிகளை முன்னிறுத்திப் பார்க்கிறது. ஒன்று, அவரைக் கொடியின் தளிரிலும் தட்டைப்பயற்றின் பூங்கொத்திலும் கறுப்பாக அப்பியிருக்கும் அசுவினி; செடிப்பேன் என்ற பெயரும் அதற்கு உண்டு. மற்றொன்று, வயல்வரப்பிலும் புறம்போக்கிலும் மண்புற்று எழுப்பி, அதனுள் பூஞ்சை வளர்த்து வாழும் கறையான். அசுவினியின் வாய் ஊசி போன்றது. கறையானின் வாய் கடித்து அரைப்பது. அசுவினி உயிருள்ள செடியின் சாற்றை நாடுகிறது. கறையான் பெரும்பாலும் உலர்ந்த சருகு, விழுந்த கிளை, வைக்கோல், சாணம் ஆகியவற்றை நாடுகிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டும் நுண்ணுயிர்த் துணையின்றி வாழ இயலாதவை என்பதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அத்துணை எதைச் செய்கிறது, பூச்சியின் சொந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் விடைகள் பிரிகின்றன.

இரண்டு உணவுகள், இரண்டு வகைப் பற்றாக்குறை

அசுவினி குடிப்பது புளோயச் சாறு. இலைகளில் உருவாகும் சர்க்கரையைத் தண்டுக்கும் வேருக்கும் கனிக்கும் எடுத்துச்செல்லும் குழாய்த் திசுவே புளோயம் எனப்படும். அசுவினி தன் ஊசிவாயைச் செடியின் உயிரணுக்களுக்கு இடையே மெல்லச் செலுத்தி, உமிழ்நீரால் அதற்கு ஓர் உறை அமைத்துக்கொண்டு, இறுதியில் அக்குழாயைத் துளைக்கிறது. 1953-இல் கென்னடியும் மிட்லரும் உறிஞ்சிக்கொண்டிருந்த அசுவினியின் உடலை ஊசிவாயிலிருந்து வெட்டி நீக்கினர். செடியில் தைத்து நின்ற ஊசியின் வழியே சாறு தொடர்ந்து கசிந்தது. சாறு தன் அழுத்தத்தாலேயே வெளியேறுகிறது என்பதை இம்முறை காட்டியதோடு, கலப்படமற்ற புளோயச் சாற்றைச் சேகரித்து அதன் கூறுகளை ஆராயவும் வழி திறந்தது.

ஆராய்ச்சியில் தெரியவந்தது ஒரு விசித்திரமான உணவு. அதில் சர்க்கரை மிகுதி. புரதத்தைக் கட்டுவதற்கான அமினோ அமிலங்களோ குறைவு. அவற்றிலும் விலங்குகள் தம் உடலில் உருவாக்கிக்கொள்ள இயலாத, உணவின் வழியே பெற்றாக வேண்டிய ‘இன்றியமையா அமினோ அமிலங்கள்’ மிகக் குறைவு. எனவே அசுவினி ஏராளமான சாற்றைக் குடித்துத் தனக்கு வேண்டிய நைட்ரஜனை எடுத்துக்கொண்டு எஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பான இனிப்புக் கழிவாக வெளியேற்றுகிறது. எறும்புகள் அசுவினியைச் சூழ்வதும், இலைமீது கரும்பூசணம் படர்வதும் இக்கழிவினால்தான்.

கறையானின் இடர் வேறு. உலர்ந்த தாவரப் பொருளின் பெரும்பகுதி செல்லுலோஸ், அதனோடு பின்னிய ஹெமிசெல்லுலோஸ், இரண்டையும் இறுக்கிப் பூசியதுபோல் நிற்கும் லிக்னின் ஆகியவற்றால் ஆனது. செல்லுலோஸ் சர்க்கரைக் கண்ணிகளின் நீண்ட சங்கிலியே என்றாலும், அதை உடைக்கும் நொதிகள், அதாவது வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள், பெரும்பாலான விலங்குகளிடம் இல்லை. லிக்னினைச் சிதைப்பது அதனினும் கடினம். அதில் உண்மையான வல்லமை பெற்றவை பூஞ்சைகளே. இதற்கு மேல், மரத்தில் கார்பனின் அளவு நைட்ரஜனைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு என்பதால், செரித்து முடித்த பின்னும் உடல் கட்டப் போதிய நைட்ரஜன் கிடைப்பதில்லை.

இந்த வேறுபாட்டைப் பல பொது நூல்கள் கவனிக்கத் தவறிவிடுகின்றன. அசுவினிக்கு ஆற்றல் கரைந்த நிலையிலேயே வந்து சேர்கிறது. அதற்கு வேண்டியது செரிமான உதவி அன்று, சத்தின் நிரப்பல். கறையானுக்கு இரண்டும் வேண்டும். ‘நுண்ணுயிர் செரித்துக் கொடுக்கிறது’ என்ற ஒரே வாக்கியத்தால் இரண்டையும் விளக்க முனைந்ததே இவ்விவாதத்தின் பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்று கொள்ளலாம்.

தரங்கம்பாடி முதல் ஹக்ஸ்லி வரை

கறையான் புற்றுக்குள் பூஞ்சை வளர்வதை முதலில் எழுத்தில் பதிந்தவர்களுள் ஒருவர், தரங்கம்பாடியில் டேனிய மிஷனின் மருத்துவராகப் பணியாற்றிய யோஹான் கெர்ஹார்ட் கொனிக். லின்னேயஸின் மாணவரான அவர், தென்னிந்தியக் கறையான்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளியாயிற்று. இரண்டாண்டுகள் கழித்து, மேற்கு ஆப்பிரிக்காவில் புற்றுகளைத் திறந்து பார்த்த ஹென்றி ஸ்மீத்மன், மரத்துகள்களால் ஆன பஞ்சு போன்ற அறைகளையும் அவற்றில் முளைத்த சிறு பூஞ்சை மணிகளையும் இலண்டன் ராயல் சொசைட்டிக்கு விவரித்தார். அவர் அவ்வறைகளைக் குஞ்சுகளின் வளர்ப்பிடங்களாகவே கருதினார். இப்பூஞ்சை தற்செயலாக வளர்ந்ததா, வளர்க்கப்பட்டதா என்ற ஐயம் அன்றே தோன்றியது. அதன் பிறகும் நூறாண்டுகளுக்கு மேல் தீரவில்லை. 1906-இல் இலங்கை பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து டாம் பெட்ச் வெளியிட்ட விரிவான ஆய்வே இப்பொருளை ஊகத்திலிருந்து கூர்ந்த நோக்கலுக்கு நகர்த்திய முக்கியப் பணிகளுள் ஒன்று. இப்பூஞ்சைகளுக்கு டெர்மிடோமைசீஸ் என்ற பேரினப் பெயரை 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜர் ஹைம் வழங்கினார்.

அசுவினியைப் பொறுத்தவரை 18-ஆம் நூற்றாண்டின் கவனம் முழுவதும் அதன் இனப்பெருக்கத்தில் குவிந்திருந்தது. ஆண் துணையின்றிப் பெண் அசுவினி குட்டி ஈனுவதை 1740-இல் சார்லஸ் பொன்னே நிறுவிய பின், உணவு பற்றிய கேள்வி பின்னுக்குப் போயிற்று. 1858-இல் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அசுவினியின் உடலுள் ஒரு விளங்காத திசுவைக் கண்டு, அதைப் போலி மஞ்சள் கரு என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். அது நுண்ணுயிர்கள் குடியிருக்கும் உறுப்பு என்பது தெரிய 52 ஆண்டுகள் ஆயின. 1910-இல் இத்தாலியின் உம்பெர்த்தோ பியரன்தோனியும் செக் நாட்டின் காரெல் ஷுல்ட்ஸும் ஒருவரையொருவர் சாராமல் அம்முடிவுக்கு வந்தனர்.

எல்லாம் நுண்ணுயிரே என்ற நிலைப்பாடு

20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் கூட்டுயிரி வாதம், அதாவது பூச்சியோடு பிரியாது வாழும் நுண்ணுயிரே அதன் உணவுச் சிக்கலைத் தீர்க்கிறது என்ற வாதம், இரண்டு திசைகளிலிருந்து வலுப்பெற்றது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் 1920-களில் மரந்தின்னும் கறையான்களின் பின்குடலில் வாழும் ஒருசெல் உயிரிகளை வெப்பத்தாலும் பின்னர் உயர் அழுத்த ஆக்சிஜனாலும் அழித்தார். கறையான்கள் மரத்தைத் தொடர்ந்து தின்றன. ஆயினும் சில வாரங்களில் பட்டினியால் மடிந்தன. ஒருசெல் உயிரிகளைத் திரும்பக் கொடுத்தபோது பிழைத்தன. ஜெர்மனியில் பால் புக்னர் தம் வாழ்நாள் முழுவதையும் பூச்சிகளின் உட்கூட்டுயிரிகளை வகைப்படுத்துவதில் செலவிட்டு, சாறுண்ணும் பூச்சிகளில் இவை ஏறத்தாழப் பொதுவிதி என்று காட்டினார்.

கிளீவ்லண்டின் சோதனை அழகானது. அதனாலேயே அதன் முடிவு அளவுக்கு மீறி நீட்டப்பட்டது. அவர் ஆராய்ந்தவை ‘கீழ்நிலைக் கறையான்கள்’ எனப்படும் குடும்பங்களைச் சேர்ந்தவை. புற்று எழுப்பிப் பூஞ்சை வளர்க்கும் மேக்ரோடெர்மிடினே என்ற துணைக்குடும்பம் ‘மேல்நிலைக் கறையான்கள்’ வகையினது. செல்லுலோஸை உடைக்கும் அந்த ஒருசெல் உயிரிகள் அவற்றின் குடலில் இல்லவே இல்லை. ஆகவே வடஅமெரிக்க மரக்கறையானிடம் பெற்ற விடையைத் தென்னிந்தியப் புற்றுக் கறையானுக்குப் பொருத்த முடியாது. இன்றும் பாடநூல்கள் சில இவ்வேறுபாட்டைச் சொல்லாமலே ‘கறையானின் குடலில் வாழும் ஒருசெல் உயிரிகள் மரத்தைச் செரிக்கின்றன’ என்று பொதுப்பட எழுதிவிடுவது வருந்தத்தக்கது. இந்தியக் கிராமங்களில் கண்ணெதிரே நிற்கும் புற்றுகளுக்கு அவ்வாக்கியம் பொருந்தாது.

புக்னரின் பணியில் இருந்த குறை வேறு வகையானது. நுண்ணுயிர் எங்கே இருக்கிறது, தாயிடமிருந்து முட்டைக்கோ கருவுக்கோ எப்படிச் செல்கிறது என்பதை உருப்பெருக்கியின் வழியே அவர் நுணுக்கமாக விவரித்தார். அது என்ன செய்கிறது என்பதற்குச் சான்று மிகக் குறைவாகவே இருந்தது.

பூச்சியின் சொந்தப் பங்கு

எதிர்நிலைப்பாடு 1990-களில் கூர்மையடைந்தது. 1992-இல் ஆஸ்திரேலிய உயிர்வேதியியலர் ஸ்லேட்டர், கறையானின் நடுக்குடலும் உமிழ்நீர்ச் சுரப்பியும் சுரக்கும் நொதிகளை அளவிட்ட ஆய்வுகளைத் தொகுத்து, செல்லுலோஸைச் செரிக்கக் கூட்டுயிரிகள் கட்டாயம் தேவை என்ற முடிவுக்குப் போதிய சான்று இல்லை என்று வாதிட்டார். 1998-இல் ஜப்பானின் வட்டனபே குழு செல்லுலோஸை உடைக்கும் நொதிக்கான மரபணுவைக் கறையானின் சொந்த மரபணுத்தொகுதியிலேயே கண்டறிந்தது. விலங்குகளால் செல்லுலோஸ் நொதி உருவாக்க முடியாது என்ற நெடுநாள் நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

அசுவினியிடமும் இதற்கு இணையானது உண்டு. செறிவான சர்க்கரைச் சாறு குடலில் நிறையும்போது, சவ்வூடு பரவலின் விதிப்படி, பூச்சியின் உடல்நீர் குடலை நோக்கி இழுக்கப்பட்டு உடல் வற்றிப்போக வேண்டும். அசுவினியின் குடல் நொதி சுக்ரோஸை உடைத்து, அதன் கண்ணிகளை நீண்ட சங்கிலிகளாக மறுபடி இணைத்து, கரைந்துள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறது. துளையைச் செடி அடைத்துவிடாதபடி, அசுவினியின் உமிழ்நீர்ப் புரதங்கள் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்வதாகவும் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இவை இரண்டும் பூச்சியின் சொந்தத் திறன்கள்; கூட்டுயிரியின் கொடையல்ல.

ஆனால் இந்நிலைப்பாட்டையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். கறையானின் சொந்த நொதி செல்லுலோஸ் சங்கிலியின் தளர்ந்த பகுதிகளை நன்கு வெட்டுகிறது. படிகம்போல் இறுகிய பகுதிகளையும் லிக்னின் உறையையும் அதனால் தனித்துக் கையாள இயலும் என்பதற்குச் சான்று வலுவாக இல்லை. மேலும் நைட்ரஜன் பற்றாக்குறைக்கு இந்த நொதி எந்த விடையும் தருவதில்லை.

அசுவினிக்குள் ஒரு பாக்டீரியா

ஹக்ஸ்லி கண்ட திசுவில் வாழும் பாக்டீரியாவுக்கு, புக்னரின் நினைவாக, 1991-இல் புக்னெரா அஃபிடிகோலா என்று பெயரிடப்பட்டது. நான்சி மோரனும் சகாக்களும் மரபுவழிகளை ஒப்பிட்டு, இக்கூட்டு 16 கோடி முதல் 28 கோடி ஆண்டுகள் பழமையானது என்று 1993-இல் மதிப்பிட்டனர். அதற்கு முன்பே, எதிருயிரி மருந்து கொடுத்துப் புக்னெராவை நீக்கிய அசுவினிகள் குன்றி வளர்வதும் சந்ததி ஈனாமற்போவதும் தெரிந்திருந்தது. மருந்து பூச்சியையே கெடுத்திருக்கலாம் என்ற மறுப்பும் கூடவே எழுந்தது. 1962-இல் மிட்லரும் டாடும் உருவாக்கிய செயற்கை உணவு இம்மறுப்பைச் சோதிக்க உதவிற்று. ஒவ்வோர் அமினோ அமிலமாக நீக்கிப் பார்த்தபோது, கூட்டுயிரி உள்ள அசுவினி பலவற்றின் இழப்பைத் தாங்கியது. கூட்டுயிரி அற்றது தாங்கவில்லை. ஏஞ்சலா டக்ளஸின் தொடர் ஆய்வுகள் இக்கருத்தை மேலும் உறுதிசெய்தன.

2000-இல் ஷிகெனோபு குழு பட்டாணி அசுவினியிலுள்ள புக்னெராவின் மரபணுத்தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டபோது வாதத்தின் போக்கே மாறியது. அத்தொகுதி ஏறத்தாழ 6,40,000 கார இணைகளே கொண்டது. மனிதக் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் தொகுதியில் ஏழில் ஒரு பங்கு. தற்காப்புக்கும் மேற்சுவர் அமைப்புக்கும் சூழல் மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கும் வேண்டிய மரபணுக்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டன. இன்றியமையா அமினோ அமிலங்களை உருவாக்கும் மரபணுக்கள் மட்டும் பெருமளவு காக்கப்பட்டுள்ளன. அசுவினியால் தானே உருவாக்கிக்கொள்ளக் கூடிய அமினோ அமிலங்களுக்கான மரபணுக்களோ ஏறத்தாழ இல்லை.

இன்னும் வியப்பானது, 2010-இல் பட்டாணி அசுவினியின் தொகுதி வெளியான பின் தெரிந்தது. சில அமினோ அமிலங்களை உருவாக்கும் படிநிலைகளில் முன்படிகள் புக்னெராவிடமும் இறுதிப்படி அசுவினியிடமும் இருக்கின்றன. கழிவாகும் அம்மோனியாவைப் பூச்சியின் உயிரணு மீண்டும் பயன்படுத்தி, அதைப் பாக்டீரியாவுக்கு மூலப்பொருளாக அளிக்கிறது. பிற பாக்டீரியாக்களிடமிருந்து பண்டைக்காலத்தில் அசுவினியின் தொகுதிக்குள் வந்து சேர்ந்த மரபணு ஒன்றின் புரதம் புக்னெராவுக்குள் அனுப்பப்படுவதும் 2014-இல் காட்டப்பட்டது. இந்நிலையில் அமினோ அமிலத்தை ஆக்குவது யார் என்று கேட்டால் ஒரு பெயரைச் சொல்லி முடிக்க இயலாது.

இக்கூட்டின் விலையும் கணக்கில் கொள்ளத்தக்கது. புக்னெராவின் வெப்பத் தற்காப்பு மரபணு ஒன்றின் தொடக்கப் பகுதியில் ஒரேயொரு காரம் விடுபட்டால் போதும், வெப்பத்தைத் தாங்கும் அசுவினியின் திறன் சரிந்துவிடுகிறது என்று 2007-இல் மோரன் குழு காட்டியது. அசுவினியின் உமிழ்நீரோடு வெளிப்படும் புக்னெராவின் புரதம் ஒன்றைச் செடி அடையாளம் கண்டு தன் எதிர்ப்பைத் தூண்டிக்கொள்வதாக 2014-இல் மற்றோர் ஆய்வு தெரிவித்தது. ஊட்டும் துணையே தன் பூச்சியைச் செடிக்குக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது.

பூஞ்சைத் தோட்டம் எதற்கு?

புற்றுக் கறையானின் செய்கை வரிசை இன்று ஓரளவு தெளிவாகத் தெரியும். முதிய பணிக் கறையான்கள் வெளியே சென்று சருகும் மரத்துகளும் கொண்டுவருகின்றன. இளம் பணிக் கறையான்கள் அதைப் பூஞ்சையின் வெண்மணிகளோடு சேர்த்து உண்டு, அரைகுறையாகச் செரித்த கழிவைத் தோட்டத்தின் மேற்புறத்தில் வைக்கின்றன. அக்கழிவில் கலந்துள்ள பூஞ்சை வித்துகள் முளைத்துப் பரவி அதைச் சிதைக்கின்றன. வாரங்கள் கழித்துப் பதமான அடிப்பகுதியை முதிய கறையான்கள் உண்கின்றன. தோட்டம் மென்ற மரத்தால் ஆனதா, கழிவால் ஆனதா என்பதே ஒருகாலத்தில் பெரும் சர்ச்சையாக இருந்தது. பிரெஞ்சு அறிஞர் கிராசே முதல் கருத்தை ஆதரித்தார். சாண்ட்ஸ் முதலியோரின் ஆய்வுகளுக்குப் பின் இரண்டாம் கருத்தே நிலைபெற்றது.

தோட்டத்தின் பயன் குறித்து நான்கு விடைகள் உள்ளன. நைட்ரஜன் செறிந்த வெண்மணிகளே கறையானின் புரத உணவு என்பது முதலாவது. இவ்விடை எளிமையானது. ஆனால் மணிகளின் அளவு மொத்த உணவில் சிறுபங்கே என்பதால், அவை மட்டுமே தோட்டத்தின் முழுப் பயனாக இருக்க முடியுமா என்ற ஐயம் நீடிக்கிறது.

பூஞ்சை லிக்னினைச் சிதைத்துச் செல்லுலோஸைத் திறந்துவிடுகிறது என்பது இரண்டாவது. கிராசேயும் நுவாரோவும் 1950-களில் முன்வைத்த இக்கருத்துக்குத் தோட்டத்தின் புதிய பகுதியிலும் பழைய பகுதியிலும் லிக்னின் அளவை ஒப்பிட்ட ஆய்வுகள் துணைநின்றன. 

மூன்றாவது விடை 1978-இல் மார்ட்டின் இணையரிடமிருந்து வந்தது. கறையான் மணிகளை உண்ணும்போது அவற்றிலுள்ள நொதிகளும் உயிர்ப்போடு குடலுக்குள் சென்று அங்கே செல்லுலோஸைச் செரிக்கின்றன என்று அவர்கள் கூறினர். விலங்கு ஒன்று நொதியை உணவாகக் கடன்பெறுகிறது என்ற இக்கருத்து பெரும் வரவேற்பைப் பெற்றது; பின்னர் வேறு கறையான் இனங்களை ஆராய்ந்தவர்கள், கடன்பெற்ற நொதியின் பங்கு சிறியது என்றும் பூச்சியின் சொந்த நொதியே போதுமானது என்றும் மறுத்தனர். புற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் சீராக வைப்பதே தோட்டத்தின் பணி என்ற நான்காவது விடை, இன்று துணைப்பயனாக மட்டுமே கருதப்படுகிறது.

இவ்விடைகளை ஒன்றுக்கொன்று எதிரிகளாக நிறுத்தியதே தவறு என்பதை ஹியோடோ குழுவின் ஆய்வுகள் 2000-க்குப் பின் உணர்த்தின. அவர்களின் முடிவின்படி மேக்ரோடெர்மிஸ் பேரினத்தில் பூஞ்சையின் முதன்மைப் பணி லிக்னினைச் சிதைப்பது. ஓடோன்டோடெர்மிஸ் உள்ளிட்ட சில பேரினங்களில் பூஞ்சையே உணவாக அமைவது முதன்மையானது. தென்னிந்தியாவின் பெரும்பாலான புற்றுகளை எழுப்பும் ஓடோன்டோடெர்மிஸ் ஒபிசஸ் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 2014-இல் பவுல்சன் குழு தென்னாப்பிரிக்கக் கறையான், அதன் பூஞ்சை, குடல் பாக்டீரியாக்கள் ஆகிய மூன்றின் மரபணுக்களையும் ஒருசேரப் படித்து, கடினமான சங்கிலிகளைப் பூஞ்சையும் இறுதிச் சிறுதுண்டுகளைக் குடல் பாக்டீரியாக்களும் உடைப்பதாகப் பணிப்பங்கீட்டை வரைந்து காட்டியது. அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, ஆசிய ஓடோன்டோடெர்மிஸ் இனம் ஒன்றில், இளம் கறையானின் குடலைக் கடக்கும் சில மணி நேரத்திலேயே லிக்னின் கணிசமாக உடைபடுவதாக வேறொரு குழு அறிவித்தது. பூஞ்சையைச் சேரும் முன்பே லிக்னின் தளர்கிறது என்றால், இரண்டாவது விடையின் அடித்தளத்தையே மறுபடி பார்க்க வேண்டியிருக்கிறது.

பூஞ்சை மூச்சுவிடுவதால் புற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு பெருகுகிறது. அதை வெளியேற்றும் அமைப்பாகவே மண்புற்றின் வடிவத்தைப் பலர் விளக்குகின்றனர். பெங்களூரில் ஒபிசஸ் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை நேரடியாக அளந்த கிங், ஒக்கோ, மகாதேவன் ஆகியோர் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, பகலில் வெளிச்சுவர் விரைவாகச் சூடேறி இரவில் விரைவாகக் குளிர்வதால் காற்று திசைமாறிச் சுழல்கிறது என்று காட்டியது. பூஞ்சையின் செரிமானம் கறையானின் கட்டடக் கலையையே வடிவமைத்திருக்கிறது என்ற எண்ணத்துக்கு இது வலுச்சேர்க்கிறது.

தாய்வழிச் சொத்தும் மண்ணில் தேடும் துணையும்

இரண்டு கூட்டுகளுக்கும் இடையே உள்ள ஆழமான வேறுபாடு அடுத்த தலைமுறையிடம் தெரிகிறது. புக்னெரா தாயிடமிருந்து கருவுக்கு நேரே செல்கிறது. வெளியுலகைக் காண்பதே இல்லை. புதிய மரபணுக்களைப் பெறும் வழி அடைபட்டதால் அதன் தொகுதி சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. டெர்மிடோமைசீஸோ, பெரும்பாலான கறையான் இனங்களில், ஒவ்வொரு புதுக் குடியிருப்பாலும் புதிதாகப் பெறப்படுகிறது. மழைக்குப் பின் ஈசல்கள் பறந்து இணைசேர்ந்து புதுப்புற்று தொடங்குகின்றன. முதல் பணிக் கறையான்கள் வெளியே வரும் காலத்தில், பழைய புற்றுகளின்மீது முளைத்த புற்றுக்காளான்களின் வித்துகளைச் சேகரித்துக்கொள்கின்றன. அப்புற்றுக்காளான்களுள் ஒன்றைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் டெர்மிடோமைசீஸ் ஹெய்மி என்று பெயரிட்டு விவரித்தார். இவ்விதிக்கு விலக்காக, மைக்ரோடெர்மிஸ் பேரினத்தில் அரசியும், மேக்ரோடெர்மிஸ் பெலிகோசஸ் இனத்தில் அரசனும் பூஞ்சையைத் தம் குடலில் சுமந்து செல்கின்றன.

துணை தாய்வழியே இறங்கினால்தான் கூட்டு நிலைக்கும், வெளியிலிருந்து பெற்றால் ஏமாற்றுத் துணை நுழைந்துவிடும் என்பது கூட்டுயிர் வாழ்வுக் கோட்பாட்டின் பொதுவான எதிர்பார்ப்பு. ஆப்பிரிக்க மழைக்காட்டில் ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரேயொரு முறை தோன்றிய கறையானின் பூஞ்சை வேளாண்மை இன்றுவரை எவ்வினத்திலும் கைவிடப்பட்டதாகத் தெரியவில்லை என்பதால் அவ்வெதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. ஆனன் குழு 2009-இல் தந்த விளக்கம் இது: தோட்டத்தில் மிகுதியாகக் காணப்படும் பூஞ்சை வகையே மிகுதியாக உண்ணப்பட்டு மறுபடி விதைக்கப்படுவதால், சில சுற்றுகளில் ஒரே வகை மட்டும் எஞ்சுகிறது; போட்டியாளர் இல்லாத அவ்வகை கறையானுக்கு இசைந்தே வளர்கிறது. தாய்வழிக் கூட்டுதான் நிரந்தரம் என்ற எண்ணத்துக்கும் அசுவினியிடமே மறுப்பு உண்டு. செராட்டாஃபிடினி என்ற அசுவினிக் குழுவின் சில இனங்களில் புக்னெரா முற்றாக மறைந்து, ஈஸ்ட் போன்ற பூஞ்சை அதன் இடத்தைப் பிடித்துள்ளது.

தீங்குப் பூச்சி என்ற தீர்ப்பு

வேளாண் நூல்கள் இரண்டையும் தீங்குப் பூச்சிகளாகவே பட்டியலிடுகின்றன. அசுவினியைப் பொறுத்தவரை இது பெரிதும் பொருந்தும். ஏறத்தாழ 5000 அசுவினி இனங்களில் நூறளவே பயிருக்குக் கடும் இழப்பு தருவன என்றாலும், அவை உறிஞ்சும் சாற்றைவிடப் பரப்பும் வைரஸ் நோய்களே பெருங்கேடு. அசுவினியின் இனிப்புக் கழிவு மண்ணில் நைட்ரஜனை நிலைநிறுத்தும் பாக்டீரியாக்களை ஊட்டிச் செடிக்கே நன்மை செய்கிறது என்ற கருத்து 1970-களில் எழுந்தது. களச்சான்று வாய்க்காமல் அது மங்கிப்போயிற்று.

கறையான் மீதான தீர்ப்பு மறுபரிசீலனைக்கு உரியது. ஏறத்தாழ 3000 கறையான் இனங்களில் மிகச் சிறுபகுதியே பயிருக்கும் மரத்துக்கும் சேதம் செய்பவை. புற்றுமண் சுற்று மண்ணைவிடச் சத்துச் செறிவும் ஈரப்பிடிப்பும் கொண்டிருப்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் பதிந்துள்ளன. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட வயல்களில் எறும்பும் கறையானும் இருந்த இடங்களில் கோதுமை விளைச்சல் 36 விழுக்காடு மிகுந்திருந்தது என்று 2011-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அங்கே ஆராயப்பட்டவை பூஞ்சை வளர்க்கும் கறையான்கள் அல்ல என்பதால் அம்முடிவை அப்படியே இங்கே பெயர்த்துவிட முடியாது. எனினும் கண்ட இடத்தில் புற்றை இடித்து நஞ்சூற்றும் வழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்த அது போதுமானது.

தீராதவை

சான்றுகளை எடைபோட்டால், பூச்சியே செரிக்கிறது என்ற நிலைப்பாடும் நுண்ணுயிரே செரிக்கிறது என்ற நிலைப்பாடும் தனித்து நிற்கவில்லை என்பது ஓரளவு உறுதி. அசுவினியில் பங்கீடு ஒரே வேதிவழியின் படிகள்வரை இறங்கியிருக்கிறது. கறையானில் அது உயிரணுக்களுக்கு வெளியே, புற்றின் அறைகளிலும் பணியாளரின் வயது வரிசையிலும் பரவியிருக்கிறது. முன்னதில் கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது, பின்னதில் தீரவில்லை.

எஞ்சியவற்றுள் மூன்று முதன்மையானவை. லிக்னினை உடைப்பதில் இளம் கறையானின் குடலுக்கும் பூஞ்சைக்கும் உள்ள பங்கு விகிதம் என்ன என்பது ஒன்று. கறையானின் நைட்ரஜனில் எவ்வளவு காற்றிலிருந்து குடல் பாக்டீரியாக்களால் நிலைநிறுத்தப்படுகிறது, எவ்வளவு பூஞ்சை மணிகளிலிருந்து வருகிறது என்பது மற்றொன்று. சுருங்கிக்கொண்டே வரும் புக்னெராவை, மிகுந்துவரும் வெப்பத்தில், அசுவினிகள் தக்கவைக்குமா, செராட்டாஃபிடினியைப்போல் வேறு துணைக்கு மாறுமா என்பது மூன்றாவது.

இவற்றுக்கான சான்றுத் தளம் சமனற்றது என்பதையும் பதிய வேண்டும். அசுவினி பற்றிய அறிவின் பெரும்பங்கு குளிர்நாடுகளின் பட்டாணி அசுவினியிடமிருந்து வந்தது. பூஞ்சைத் தோட்டம் பற்றிய அறிவின் பெரும்பங்கு ஆப்பிரிக்க மேக்ரோடெர்மிஸிடமிருந்து வந்தது. பேரினத்துக்குப் பேரினம் பூஞ்சையின் பணியே மாறுபடுகிறது என்று தெரிந்துவிட்ட பின், ஆப்பிரிக்க முடிவை ஓடோன்டோடெர்மிஸ் ஒபிசஸுக்குக் கடன்வாங்குவது முறையாகாது. தட்டைப்பயற்று அசுவினியும் ஒபிசஸ் புற்றும் தமிழ்நாட்டில் ஒரே வயலில், சில அடி தொலைவில் கிடைப்பவை. கொனிக் தொடங்கிவைத்த நோக்கலை இன்றைய கருவிகளோடு தொடர வேண்டிய இடம் இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் வேளாண் ஆய்வு நிலையங்களுமே.